முதற்பதிப்பு நூல் சேகரிப்பு

முதற்பதிப்பு நூல் சேகரிப்பு என்பது ஓர் இலக்கியப் படைப்பு முதன்முதலாக நூல் வடிவில் வெளிவந்தபோது அச்சிடப்பட்ட பிரதிகளைத் தேடிப் பெறுதல், இனங்காணல், பாதுகாத்தல் ஆகிய செயற்பாடுகளைக் குறிக்கும். இத்தகைய பிரதிகளை வாங்கி விற்கும் தொழில் அரிய நூல் வணிகம் எனப்படுகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இது ஏல நிறுவனங்கள், வணிகர் சங்கங்கள், விவரப் பட்டியல்கள் ஆகியவற்றைக் கொண்ட ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது.

ஒரு பிரதி முதற்பதிப்பைச் சேர்ந்ததா என்பதை அதன் தாள், அச்செழுத்து, கட்டடம், மேலுறை ஆகியவற்றில் உள்ள சான்றுகளே தீர்மானிக்கின்றன. எனவே இத்துறையில் கொடுக்கப்படும் விலை பெருமளவுக்கு அச்சான்றுகளின் மீதுள்ள நம்பிக்கைக்கான விலையாகும். சான்றுகள் திரிக்கப்படும்போது வாங்குபவரின் பணத்துடன் இலக்கிய வரலாறும் பாதிக்கப்படுகிறது.

வரைவிலக்கணம்

உலோக எழுத்துக்களைக் கையால் கோர்த்து அச்சிட்ட காலத்தில் உருவான சொற்களே இத்துறையில் இன்றும் பயன்படுகின்றன. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

- பதிப்பு: ஒரே அச்சுக்கோர்ப்பிலிருந்து அச்சிடப்பட்ட பிரதிகள் அனைத்தும் சேர்ந்து ஒரு பதிப்பு ஆகும். எழுத்துக்களைப் புதிதாகக் கோர்த்தால் அது புதிய பதிப்பு.
- அச்சீடு: ஒரு பதிப்பில் ஒரே தடவையில் அச்சிட்டு எடுக்கப்பட்ட பிரதிகளின் தொகுதி. முதற்பதிப்பிலேயே பல அச்சீடுகள் இருக்கலாம். சேகரிப்பாளர் முதற்பதிப்பு என்று சொல்லும்போது பெரும்பாலும் அதன் முதல் அச்சீட்டையே கருதுகின்றனர்.
- வெளியீட்டு வேறுபாடு: அச்சிட்ட தாள்கள் விற்பனைக்கு வந்த பின்னர், தலைப்புப் பக்கத்தை மாற்றுவது போன்ற திட்டமிட்ட மாற்றத்துடன் வெளியிடப்பட்ட பகுதி.
- நிலை வேறுபாடு: அச்சிடும் போதே பிழை திருத்தப்பட்டமை போன்ற காரணங்களால் ஒரே அச்சீட்டின் பிரதிகளிடையே காணப்படும் சிறு மாற்றம்.

இச்சொற்களைத் தெளிவாக விளக்கிய நூல்களுள் ஜான் கார்ட்டர் 1952 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் சேகரிப்பாளருக்கான அகராதி பரவலாக அறியப்பட்டது. ஃபிரெட்சன் பவர்ஸ் 1949 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், அச்சு நூல்களை விவரிக்கும் முறைகளை விரிவாக வகுத்தது.

முதற்பதிப்பு மதிப்புப் பெற்ற வரலாறு

முதற்பதிப்பைத் தனிச் சிறப்புடையதாகக் கருதும் வழக்கம் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. பழங்காலத்தில் பிந்திய, திருத்திய பதிப்பே மேலானது என்ற கருத்து நிலவியது. இதற்கு ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பு நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகளின் பின், 1623 ஆம் ஆண்டில், அவருடன் நடித்த ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி கான்டெல் ஆகிய இருவரின் முயற்சியால் 36 நாடகங்கள் அடங்கிய இத்தொகுப்பு வெளிவந்தது. இவற்றுள் 18 நாடகங்கள் அதற்கு முன் அச்சேறாதவை. மேக்பத், புயல், பன்னிரண்டாம் இரவு ஆகியன அவற்றுள் சில. இத்தொகுப்பு வெளிவந்திராவிட்டால் அந்நாடகங்கள் இன்று கிடைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆக்சுபோர்டில் உள்ள போட்லியன் நூலகத்துக்கு 1623 ஆம் ஆண்டிலேயே ஒரு பிரதி கிடைத்தது. மூன்றாம் பதிப்பு 1660களில் வெளிவந்த பின்னர், பழைய பிரதி தேவையற்றது எனக் கருதி நூலகம் அதனை விற்றுவிட்டது. 1905 ஆம் ஆண்டில் ஒரு மாணவர் தம் குடும்பத்தாரிடம் இருந்த பழைய நூலொன்றைச் செப்பனிடுவது பற்றி ஆலோசனை கேட்க அதே நூலகத்துக்குக் கொண்டு வந்தார். அதன் கட்டடத்தை ஆராய்ந்தபோது அது நூலகம் இழந்த அதே பிரதி என்பது தெரியவந்தது. பொதுமக்களிடம் நிதி திரட்டி 1906 ஆம் ஆண்டில் 3,000 பவுண்டுகளுக்கு நூலகம் அதனைத் திரும்ப வாங்கியது.

சுமார் 750 பிரதிகள் அச்சிடப்பட்டதாகக் கருதப்படும் இத்தொகுப்பில் இன்று ஏறத்தாழ 235 பிரதிகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் 82 வாசிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் உள்ளன. ஒரே நூலின் இத்தனை பிரதிகள் எதற்கு என்ற கேள்வி எழலாம். அச்சிடும்போதே பிழைகள் திருத்தப்பட்டதால் எந்த இரு பிரதிகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. சார்ல்டன் ஹின்மன் என்னும் ஆய்வாளர், இரு பிரதிகளின் பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்று தோன்றச் செய்து வேறுபாட்டைக் காட்டும் ஒளியியல் கருவியைத் தாமே உருவாக்கினார். ஃபோல்ஜர் நூலகத்தின் பிரதிகளை அதனால் ஒப்பிட்டு, அந்நூல் அச்சான முறையை 1963 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு தனிமனிதர் ஆசையுடன் திரட்டிய சேகரிப்பு, பிற்காலத்தில் ஆராய்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தமைக்கு இது ஒரு சான்றாகும். 2020 ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தொகுப்பின் ஒரு பிரதி நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 99.8 இலட்சம் டாலருக்கு விற்பனையானது.

இனங்காணும் முறைகள்

தலைப்புப் பக்கத்தில் உள்ள ஆண்டு மட்டும் முதற்பதிப்பை உறுதிப்படுத்தப் போதுமானதன்று. பதிப்பகங்கள் ஒவ்வொன்றும் தமக்கெனத் தனி வழக்கங்களைக் கொண்டுள்ளன. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல ஆங்கிலப் பதிப்பகங்கள் பதிப்புரிமைப் பக்கத்தில் 1 முதல் 10 வரையான எண்களை வரிசையாக அச்சிடத் தொடங்கின. ஒவ்வொரு புதிய அச்சீட்டின்போதும் மிகச் சிறிய எண் நீக்கப்படும். எனவே வரிசையில் எஞ்சியுள்ள மிகச் சிறிய எண்ணே அச்சீட்டின் எண்ணைக் காட்டும். இதற்கும் விதிவிலக்கு உண்டு. ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் பல ஆண்டுகள் முதற்பதிப்பு என்ற சொற்களுடன் 2 இல் தொடங்கும் எண் வரிசையை அச்சிட்டது.

பிற்பாடு திருத்தப்பட்ட பிழைகளும் இனங்காண உதவுகின்றன. இவை அடையாளக் குறிப்புகள் எனப்படும். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதி 1925 ஆம் ஆண்டில் வெளிவந்த தி கிரேட் கேட்ஸ்பி என்னும் புதினத்தின் முதல் அச்சீட்டில் 205 ஆம் பக்கத்தில் ஒரு சொற்றொடர் பிழையாக உள்ளது. அதன் மேலுறையின் பின்புறத்தில் கதைத் தலைவனின் பெயர் சிறிய எழுத்தில் தொடங்க, பல பிரதிகளில் அது கையால் திருத்தப்பட்டுள்ளது. ஜே. கே. ரௌலிங்கின் முதல் ஹாரி பாட்டர் நூல் 1997 ஆம் ஆண்டு சூன் 26 அன்று வெளிவந்தது. அதன் முதல் அச்சீட்டில் கெட்டி அட்டைப் பிரதிகள் 500 மட்டுமே. 53 ஆம் பக்கத்தில் உள்ள பட்டியலில் மந்திரக்கோல் என்னும் பொருள் இரு முறை இடம்பெற்றிருப்பது அந்த அச்சீட்டின் அறியப்பட்ட அடையாளங்களுள் ஒன்றாகும்.

புத்தகக் கழகங்கள் தம் உறுப்பினருக்கென அச்சிடும் பிரதிகள் தோற்றத்தில் முதற்பதிப்பை ஒத்திருக்கலாம். மேலுறையில் விலை இல்லாமை, தாளின் தரம் குறைந்திருத்தல் ஆகியன அவற்றைப் பிரித்தறிய உதவும்.

விலையைத் தீர்மானிக்கும் காரணிகள்

ஒரு பிரதியின் விலை பல காரணிகளால் அமைகிறது.

- தேவை: எவரும் தேடாத நூல் ஒன்றின் ஒரே பிரதி எஞ்சியிருந்தாலும் அதற்கு விலை இராது. ஆசிரியரின் புகழும் படைப்பின் இடமும் தேவையை உருவாக்குகின்றன.
- அருமை: எட்கர் ஆலன் போவின் முதல் நூலான டாமர்லேன், 1827 ஆம் ஆண்டில் ஆசிரியர் பெயரின்றி பாஸ்டனில் வெளிவந்தது. ஏறத்தாழ 50 பிரதிகள் அச்சிடப்பட்டதாகக் கருதப்படுகிறது. 12 பிரதிகளே இன்று அறியப்பட்டுள்ளன. 1988 ஆம் ஆண்டில் நியூ ஹாம்சயர் மாநிலத்தில் பழம்பொருள் கடை ஒன்றில் 15 டாலருக்கு வாங்கப்பட்ட ஒரு பிரதி, அதே ஆண்டில் ஏலத்தில் 1,98,000 டாலருக்கு விற்றது.
- வெளியீட்டு வரலாறு: லூயிஸ் கரோலின் ஆலிஸ் நூல் 1865 ஆம் ஆண்டில் 2,000 பிரதிகள் அச்சிடப்பட்டது. அச்சின் தரம் ஓவியர் ஜான் டெனியலுக்கு மனநிறைவு தராததால் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. மீந்த தாள்கள் நியூயார்க் பதிப்பகம் ஒன்றுக்கு விற்கப்பட்டு 1866 ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தன. 1865 ஆம் ஆண்டின் பிரதிகளில் இருபதுக்குச் சற்று மேற்பட்டனவே எஞ்சியுள்ளன.
- நிலைமை: கிழிசல், கறை, பூச்சி அரிப்பு, விடுபட்ட தாள் ஆகியன விலையைக் குறைக்கும். ஆங்கில வணிகர் வழக்கில் நல்லது என்று குறிக்கப்படும் பிரதி உண்மையில் நடுத்தரமானதே. மிக நல்லது, மிகச் சிறந்தது ஆகிய தரங்கள் அதற்கு மேல் உள்ளன.
- மேலுறை: 20 ஆம் நூற்றாண்டு நூல்களில் விலையை மிகுதியாகப் பாதிப்பது இதுவே. முன்னர் வாங்குவோர் மேலுறையைக் கழற்றி எறிந்துவிடுவது வழக்கம். அதனால் நூல் எஞ்சியும் மேலுறை எஞ்சவில்லை. மேலுறையுடன் கூடிய தி கிரேட் கேட்ஸ்பி பிரதியின் விலை மேலுறை இல்லாததன் விலையைப் போலப் பல மடங்காகும்.
- உடைமை வரலாறு: ஆசிரியர் தம் நண்பருக்கோ மற்றோர் எழுத்தாளருக்கோ கையொப்பமிட்டு வழங்கிய பிரதி கூடுதல் மதிப்புடையது. அத்தகைய பிரதி இலக்கியத் தொடர்புகளுக்கு ஆவணமாகவும் பயன்படும்.

வணிகத்தின் அமைப்பு

அரிய நூல் வணிகர் மரபுரிமைச் சொத்து விற்பனை, ஏலம், பிற வணிகர், சேகரிப்பாளர் ஆகிய வழிகளில் நூல்களைப் பெறுகின்றனர். வாங்கிய நூலை வணிகர் தாள் தாளாக எண்ணிச் சரிபார்ப்பார். பின்னர் குறைகளையும் செப்பனிட்ட இடங்களையும் உள்ளடக்கி விவரக் குறிப்பு எழுதுவார். வாங்குபவர் தொலைவில் இருந்து இக்குறிப்பை நம்பியே பணம் செலுத்துவதால், குறிப்பின் நேர்மையே வணிகத்தின் அடிப்படையாகிறது. பிரித்தானியாவின் பழநூல் வணிகர் சங்கம் 1906 ஆம் ஆண்டிலும் அமெரிக்கச் சங்கம் 1949 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. விவரக் குறிப்புக்கு மாறான நூலைத் திரும்பப் பெறுவது இத்தகைய சங்கங்கள் தம் உறுப்பினரிடம் எதிர்பார்க்கும் நெறிகளுள் ஒன்றாகும்.

அமெரிக்க வணிகர் ஏ. எஸ். டபிள்யூ. ரோசன்பாக் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர். ஆலிஸ் கதையின் கையெழுத்துப்படியை 1928 ஆம் ஆண்டில் இலண்டன் ஏலத்தில் 15,400 பவுண்டுகளுக்கு அவர் வாங்கினார். 1948 ஆம் ஆண்டில் அமெரிக்க அன்பர்கள் அதனை விலைக்குப் பெற்றுப் பிரித்தானிய மக்களுக்கு அன்பளிப்பாக வழங்கினர்.

1990களின் நடுப்பகுதியில் இணையவழி விற்பனை தொடங்கியபின் வணிகம் பெரிதும் மாறியது. ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்த பிரதிகள் ஒரே பட்டியலில் தோன்றியதால், அரியவை எனக் கருதப்பட்ட பல நூல்கள் எளிதில் கிடைப்பவை எனத் தெரியவந்தது. அவற்றின் விலை குறைந்தது. உண்மையில் அரிதான, நல்ல நிலையில் உள்ள பிரதிகளின் விலை ஏறியது. முன் குறிப்பிட்ட ஹாரி பாட்டர் முதல் அச்சீட்டின் ஒரு பிரதி 2021 ஆம் ஆண்டு டிசம்பரில் 4,71,000 டாலருக்கு ஏலம் போனது.

போலிகள்: தாமஸ் வைஸ்

இத்துறையின் வரலாற்றில் மிகப் பெரிய மோசடியைச் செய்தவர் வெளியாள் எவரும் அல்லர். இலண்டனைச் சேர்ந்த தாமஸ் ஜேம்ஸ் வைஸ் (1859–1937) தம் காலத்தில் முதற்பதிப்புகள் பற்றிய பேரறிஞராக மதிக்கப்பட்டவர். பிரித்தானிய நூலாய்வுக் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். அவர் வெளியிட்ட நூல் விவரப் பட்டியல்களைக் கொண்டே பிறர் முதற்பதிப்புகளை மதிப்பிட்டனர்.

19 ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களின் சிறு நூல்கள் பலவற்றை, உண்மை முதற்பதிப்புக்கு முந்திய ஆண்டைத் தலைப்புப் பக்கத்தில் இட்டு அவர் இரகசியமாக அச்சிட்டார். பின்னர் தம் பட்டியல்களில் அவற்றை உண்மை நூல்களாகச் சேர்த்துச் சிறிது சிறிதாகச் சந்தையில் விட்டார். அவற்றுள் புகழ்பெற்றது எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் காதற் கவிதைகள் அடங்கிய சிறு நூலாகும். அது ரெடிங் நகரில் 1847 ஆம் ஆண்டில் அச்சானதாகக் காட்டப்பட்டது. உண்மையில் அக்கவிதைகள் 1850 ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே முதன்முதலில் வெளிவந்தன.

ஜான் கார்ட்டர், கிரகாம் போலார்ட் ஆகிய இரு இளம் வணிகர்கள் இதனை 1934 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். அவர்கள் கையாண்ட சோதனைகள் பின்வருமாறு:

- தாள்: எஸ்பார்ட்டோ புல்லிலிருந்து செய்த தாள் பிரித்தானியாவில் 1861 ஆம் ஆண்டளவிலும், வேதிமுறை மரக்கூழ்த் தாள் 1874 ஆம் ஆண்டளவிலுமே புழக்கத்துக்கு வந்தன. நுண்ணோக்கியில் பார்த்தபோது 1847 ஆம் ஆண்டைத் தாங்கிய நூலின் தாளில் வேதிமுறை மரக்கூழ் இருந்தது.
- அச்செழுத்து: சில ஆங்கில எழுத்துக்களின் வளைவு உலோகக் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் எளிதில் உடைந்தது. அதைத் தவிர்க்க 1880 ஆம் ஆண்டுக்குப் பின் வடிவம் மாற்றிய எழுத்துக்கள், அதற்கு முந்திய ஆண்டைத் தாங்கிய நூல்களில் காணப்பட்டன. இதைக் கொண்டு அச்சிட்ட நிறுவனமும் அடையாளம் காணப்பட்டது.
- பாடம்: சில நூல்களில் இருந்த பாடம், ஆசிரியர் பிற்காலத்தில் திருத்திய வடிவத்தை ஒத்திருந்தது. ஜான் ரஸ்கினின் பெயரில் வந்த இரு சிறு நூல்களை அவருடைய நூல்தொகுதியின் பதிப்பாசிரியர்கள் இக்காரணத்தால் முன்னரே போலி என்றனர்.
- புழக்கச் சான்று: ஆசிரியர் கையொப்பமிட்டு வழங்கிய பிரதியோ, அக்காலக் கடிதங்களில் நூலைப் பற்றிய குறிப்போ கிடைக்கவில்லை. பிரதிகள் யாவும் புத்தம் புதியவை போல இருந்தன.

ஏறத்தாழ 50 சிறு நூல்கள் இவ்வாறு ஆராயப்பட்டன. கார்ட்டரும் போலார்டும் வைஸைக் குற்றவாளி என நேரடியாகக் கூறவில்லை; சான்றுகளை வரிசைப்படுத்தி முடிவை வாசகரிடம் விட்டனர். வைஸ் முழுமையான விளக்கம் தராமலே 1937 ஆம் ஆண்டில் இறந்தார். ஹாரி பக்ஸ்டன் ஃபோர்மன் என்னும் அறிஞரும் இதில் பங்குகொண்டமை பின்னர் கிடைத்த ஆவணங்களால் தெரியவந்தது.

வைஸின் சேகரிப்பைப் பிரித்தானிய அருங்காட்சியகம் அவர் இறந்த ஆண்டிலேயே விலைக்கு வாங்கியது. 1950களில் டேவிட் ஃபாக்சன் என்னும் ஆய்வாளர் அதனை ஆராய்ந்தபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. அருங்காட்சியகத்தில் இருந்த 17 ஆம் நூற்றாண்டு நாடக நூல்களிலிருந்து தாள்களைக் கிழித்தெடுத்து, தம்மிடமும் தம் வாடிக்கையாளரிடமும் இருந்த குறைப் பிரதிகளை வைஸ் நிறைவு செய்திருந்தார். இன்று அவருடைய போலிகளும் சேகரிப்புப் பொருள்களாக விற்கப்படுவது குறிப்பிடத்தக்கது.

திருட்டு

பொது நூலகங்களில் உள்ள அரிய நூல்கள் திருட்டுக்கு உள்ளாகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பொது நூலகத்தில் அரிய நூல்களுக்குப் பொறுப்பாக இருந்தவரே ஏறத்தாழ 25 ஆண்டுகள் நூல்களையும் நிலப்படங்களையும் வெளியே எடுத்துச் சென்றார். நூல் வணிகர் ஒருவர் அவற்றை விற்றார். 2017 ஆம் ஆண்டில் காப்புறுதிக்காக மதிப்பீடு செய்தபோதே இழப்பு தெரிந்தது. இழப்பின் மதிப்பு 80 இலட்சம் டாலர் அளவினது. இருவரும் 2020 ஆம் ஆண்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். நூலக முத்திரை உள்ள நூல் விற்பனைக்கு வரும்போது அது முறைப்படி நீக்கப்பட்டதா என்பதை நூலகத்திடமே கேட்டறிவது வாங்குபவரின் கடமையாகும். மேற்சொன்ன நிகழ்வில் நீக்கப்பட்டதற்கான முத்திரையும் போலியாகவே இடப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. சீகன்பால்கு மொழிபெயர்ப்பில் தரங்கம்பாடியில் அச்சாகி 1715 ஆம் ஆண்டில் நிறைவுற்ற புதிய ஏற்பாட்டின் ஒரு பிரதி தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்திலிருந்து 2005 ஆம் ஆண்டில் காணாமற்போனது. சரபோசி மன்னரின் கையொப்பம் கொண்ட அப்பிரதி இலண்டனில் இருப்பதைத் தமிழகக் காவல்துறையின் சிலை தடுப்புப் பிரிவு 2022 ஆம் ஆண்டில் கண்டறிந்தது.

தமிழ் முதற்பதிப்புகள்

தமிழ் எழுத்தில் அச்சான மிகப் பழைய நூல்களுள் ஒன்றான தம்பிரான் வணக்கம் 1578 ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அதன் அறியப்பட்ட பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது.

தமிழில் முதற்பதிப்புகளைத் திரட்டியவர்களுள் கோட்டையூர் ரோஜா முத்தையா முதன்மையானவர். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த அவர், நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் என ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகளைத் தம் முயற்சியாலேயே திரட்டினார். 1992 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. ஆயினும் அது கடல் கடந்து செல்லவில்லை. 1994 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்கு அதுவே அடிப்படையாயிற்று. சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள் இத்தகைய தேடலுக்கு நெடுங்காலம் உதவின. 1985 ஆம் ஆண்டில் அக்கட்டடம் தீக்கிரையானது.

முதற்பதிப்பே சிறந்த பாடம் என்று கொள்வது பொருந்தாது. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887 ஆம் ஆண்டில் முதன்முதலில் பதிப்பித்தார். மேலும் பல ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்திய இரண்டாம் பதிப்பு 1907 ஆம் ஆண்டில் வந்தது. காப்பியத்தைப் படிப்பவருக்குப் பிந்திய பதிப்பு கூடுதல் பயன் தரும். பதிப்பாசிரியர் தொடக்கத்தில் எதனை அறிந்திருந்தார், எதனைப் பின்னர் கண்டறிந்தார் என்று ஆராய்பவருக்கு இரண்டும் தேவை.

பாதுகாப்பு

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பெருமளவில் பயன்பட்ட மரக்கூழ்த் தாளில் அமிலத்தன்மை மிகுதி. அதனால் தாள் பழுப்பேறி ஒடியும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் இது விரைந்து நிகழும். பின்வருவன பொதுவாகப் பின்பற்றப்படும் நடைமுறைகள்:

- நேரடி வெயிலையும் ஈரச் சுவரையும் தவிர்த்தல்.
- கிழிந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டாதிருத்தல். அதன் பசை காலப்போக்கில் கறையாகி நீங்காது.
- பழைய கட்டடத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டாதிருத்தல். கட்டும்போது ஓரம் வெட்டப்பட்டால் ஓரக் குறிப்புகளும் உடைமையாளர் எழுத்தும் இழக்கப்படும்.
- மேலுறை, விலைச்சீட்டு, உள்ளே வைக்கப்பட்ட கடிதம் ஆகியவற்றை நூலுடனேயே வைத்திருத்தல்.
- வாங்கிய இடம், நாள், விலை ஆகியவற்றைத் தனியே பதிந்து வைத்தல்.

எண்ணிம வடிவில் படியெடுத்தல் நூலின் பாடத்தைப் பலருக்கும் கிடைக்கச் செய்கிறது. தாளின் நார், எழுத்து அழுந்திய தடம், கட்டடத்தின் தையல் ஆகியவற்றைப் படிமம் முழுமையாகக் காட்டாது. வைஸின் போலிகள் பிடிபட்டது இத்தகைய சான்றுகளாலேயே ஆகும். ஆகையால் எண்ணிமப் படி கிடைத்த பின்னரும் மூலப் பிரதியைக் காத்து வைத்தல் இன்றியமையாததாகும்.